கடுக்காய் தந்த நிறம்

மாசி மாதம் ஜவ்வாது மலையில் கடுக்காய் மரத்தைத் தேடுபவர்கள் மேலே பார்ப்பதைவிடக் கீழே பார்ப்பது நல்லது. இலை பெரும்பாலும் கொட்டியிருக்கும். மரத்தடியில் மஞ்சள் கலந்த பச்சையாகக் காய்கள் கிடக்கும். வெயிலில் சில வாரம் காய்ந்ததும் சதை சுருங்கி, நீளவாக்கில் ஐந்து விளிம்புகள் எழும்பிவிடும். பச்சைக் காயில் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாய் முழுக்க வறண்டு நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். எச்சிலில் இருக்கும் புரதத்தைக் காயில் இருக்கும் டேனின் பிடித்துக் கட்டிவிடுவதால் வரும் துவர்ப்பு அது. மாட்டுத் தோலிலும் புரதம்தான் இருக்கிறது. நாக்கில் ஒரு நொடி நடக்கும் அந்த வேலையைத் தொட்டிக்குள் நாள் கணக்கில் நடக்கவிட்டால் அழுகவேண்டிய தோல் அழுகாமல் நிற்கும். பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோலால் பெயர் பெற்ற ஊர்கள் எழுந்ததற்குப் பின்னால் இந்தத் துவர்ப்பு இருக்கிறது.

அந்த ஊர்களின் கதையைச் சொல்பவர்கள் வியாபாரிகளைச் சொல்வார்கள், ரயிலைச் சொல்வார்கள், வெள்ளைக்காரனைச் சொல்வார்கள். மலையைச் சொல்வதில்லை. லண்டன் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா’ என்ற பெயரில் விலைபோன, சுருக்கமாக ஈ.ஐ. தோல் என்று இன்றும் அழைக்கப்படும் சரக்குக்கு அதன் முகத்தைக் கொடுத்தது கடுக்காய். அதனால் அந்தத் தோல் பிறந்த கதையை மரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கடுக்காய் மரம் தனி ஆள் அல்ல, பெரிய குடும்பத்துப் பிள்ளை. ராபர்ட் பிரவுன் 1810-இல் கோம்ப்ரிடேசியே என்று பெயர் வைத்த அந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 500 வகை மரங்களும் செடிகளும் கொடிகளும் உண்டு. ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா என்று வெப்பமான நிலங்கள் முழுக்கப் பரவிய குடும்பம். நமக்கு இதில் அறிமுகம் இல்லாத ஆள் குறைவு. திருவிடைமருதூரில் தலமரமாக நிற்கும் மருது, தான்றி, கருமருது, பள்ளிக்கூட வாசலில் நிழல்தரும் நாட்டு வாதுமை, வீட்டு வாசல் வளைவில் வெள்ளையாகப் பூத்து மறுநாள் சிவக்கும் ரங்கூன் மல்லி எல்லாம் உறவு. பிச்சாவரத்து உப்புச் சேற்றில் நிற்கும் திப்பரத்தைகூட இதே வீடுதான். மலைக்காட்டு வெக்காலியைத் தாவரவியலார் வெகுகாலம் தனி இனமாக வைத்திருந்தார்கள். 2017-இல் மரபணு ஆய்வு அதையும் மருது இனத்துக்குள் சேர்த்துவிட்டது. அதன் பிசினை உலகமெங்கும் உணவுத் தொழிலுக்கு வாங்குகிறார்கள். இலையில் நல்ல டேனின் உண்டு.

குடும்பத்தின் பொதுக்குணம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இந்தத் துவர்ப்பைத்தான் சொல்வேன். பட்டையில், இலையில், காயில் எங்காவது டேனினைச் சேர்த்துவைக்காத உறுப்பினர் அபூர்வம். புழுவும் பூஞ்சையும் அண்டாமல் தன்னைக் காத்துக்கொள்ள மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது. கடுக்காய் இதில் எல்லை தாண்டிப் போய்விட்டது. காய்ந்த சதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டேனின். இத்தனை இருந்தும் மரத்தைப் பூச்சி சும்மா விடுவதில்லை. இலையில் பூச்சி முட்டையிட்ட இடம் வீங்கி, உள்ளே பொள்ளலாக ஒரு கொப்புளம் உண்டாகும். நாட்டு மருந்துக் கடையில் ‘கடுக்காய்ப்பூ’ என்று விற்பது இந்தக் கொப்புளத்தைத்தான். அதிலும் துவர்ப்புக்குக் குறைவில்லை. துணிக்கு மஞ்சள் ஏற்ற அதை வாங்கிப்போனவர்கள் உண்டு. உண்மையான பூ சித்திரை வாக்கில் புதுத் தளிரோடு கதிர் கதிராக வரும். நிறமும் மங்கல், வாசனையும் சுகமில்லை. அதை யாரும் பறிப்பதில்லை.

இந்தக் காய்க்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஸ்வீடன் நாட்டு ரெட்சியஸ், 1788-இல். தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த கோனிக் போன்றவர்கள் இங்கிருந்து திரட்டிய செடிகளை வைத்துக் கொண்டு பல இந்தியத் தாவரங்களுக்குப் பெயரிட்டவர் அவர். அதற்கெல்லாம் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே கடுக்காய்க்கு வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள். சித்த மருத்துவனுக்குத் திரிபலாவில் மூன்றில் ஒன்று. அந்த மூன்றில் இரண்டாவதான தான்றியும் இதே குடும்பம் என்பதைக் கவனிக்கவேண்டும், நெல்லி மட்டும்தான் வெளியாள். திபெத்தில் மருத்துவப் புத்தர் கையில் பிடித்திருப்பது கடுக்காய்க் கொத்து. கொத்தனார் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்தார். கணக்கப்பிள்ளை கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி கலந்து கறுப்பு மை செய்தார். இரும்பும் டேனினும் சேர்ந்தால் கறுப்பு என்பது எல்லா ஊர் மைக்காரர்களுக்கும் தெரிந்த ரகசியம். காளஹஸ்தியில் கலம்காரி எழுதுபவர்கள் வெள்ளைத் துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் முக்கிக் காயவைப்பார்கள். பிறகு இரும்பும் வெல்லமும் புளித்த நீரைத் தொட்டுக் கோடு இழுத்தால், கோடு விழுந்த இடம் கண்ணெதிரே கறுக்கும்.

இந்த வரிசையில் தோல்காரர் கடைசியாக வந்தவர் அல்ல, ஆனால் மிக அதிகமாக வாங்கியவர் அவர்தான்.

ஊர்தோறும் தோல் வேலை இருந்தது. கவலை இறைக்கும் சால், செருப்பு, பறை, வண்டிமாட்டுக் கயிறு என்று வேண்டியதையெல்லாம் சேரிக்குள் செய்துகொடுத்தார்கள். தமிழ்நாட்டுத் தரிசு நிலமெங்கும் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரஞ் செடியின் பட்டைதான் பதம். ஆவாரம் கிடைக்காத இடத்தில் கொன்றைப் பட்டை. வேலை உறுதியானது, உள்ளூருக்குப் போதுமானது. அது கப்பலேறும் சரக்காக மாறியது 1840-களில். சார்லஸ் டி சூசா என்ற யூரேசியர் சென்னையில் மேம்பட்ட முறையில் தோல் பதனிடும் கூடத்தைத் தொடங்கியதாகத் தொழிலில் வழிவழியாகச் சொல்கிறார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்துத் தோல் தொழிலைப் பற்றித் தனி நூலே எழுதிய ஆல்பிரட் சாட்டர்டனும் தொழிலின் தொடக்கத்தை அந்த மனிதரிடமே கொண்டுபோய் வைக்கிறார். டி சூசாவிடம் வேலை பார்த்தவர்கள் வெளியேறித் தனித்தனியே கூடம் போட, தொழில் ஊர் ஊராகப் பரவியது.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் தண்டவாளம் பாலாற்றை ஒட்டிக் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் என்று நீண்டது. தோல் பதனிட நிறையத் தண்ணீர் வேண்டும். ஆற்று மணலில் கையால் தோண்டினாலே ஊற்று. பட்டைக்கு ஆவாரங்காடு சுற்றிலும் இருந்தது. தோல் வாங்கி விற்கும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஏற்கெனவே இந்த ஊர்களில் இருந்தார்கள். சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி வேலை செய்ய, சாதி வேறு எதையும் விட்டுவைக்காத தலித் தொழிலாளிகள் இருந்தார்கள். தெற்கே ஆலங்காயத்தைத் தாண்டினால் மலை ஏறுகிறது. மலையில் கடுக்காய்.

தோல் எப்படி ஈ.ஐ. தோலானது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். உப்புப் போட்டு வந்த தோலை அலசி, சுண்ணாம்பில் ஊறவைப்பார்கள். மயிர் தளர்ந்ததும் மழித்து, உள்பக்கச் சதையைக் கத்தியால் சீவி எடுப்பார்கள். பிறகு ஆவாரம்பட்டைத் தொட்டி. முதலில் பழைய நீர்த்த சாறு, அடுத்து கொஞ்சம் காட்டமானது, பிறகு புதுப்பட்டை என்று படிப்படியாக ஏற்றுவார்கள். முதலிலேயே காட்டமான சாற்றில் போட்டால் தோலின் மேல்புறம் இறுகி உள்ளே சாறு இறங்காது. மாட்டுத்தோல் இப்படி வாரக்கணக்கில் கிடக்கும். ஆவாரம்பட்டை வேகமாக ஊடுருவும், தோலை நெகிழ்வாக வைக்கும், அந்த விஷயத்தில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் அதற்கு ஒரு கெட்டபழக்கம் உண்டு. ஆவாரத்தில் மட்டும் பதனிட்ட தோலை வெளிச்சத்தில் வைத்தால் சில நாளில் சிவந்துவிடும். திட்டுத்திட்டாகச் செங்கல் நிறம். லண்டன் வியாபாரி அதைத் தள்ளுபடி விலைக்குக் கேட்பான், ஏனென்றால் அவனுக்கு வேண்டியது வெளிர் நிறம். வெளிர்த் தோலில்தான் அவன் நினைத்த சாயத்தை ஏற்றமுடியும்.

இங்கேதான் மலைக்காய் இறங்குகிறது. கொட்டையை நீக்கி உடைத்த கடுக்காயை ஊறவைத்த சாற்றில், ஆவாரத்திலிருந்து எடுத்த தோலைக் கடைசியாக முக்குவார்கள். வேதியியலில் சொன்னால் ஆவாரத்தின் டேனினும் கடுக்காயின் டேனினும் இரண்டு வேறு சாதி. முதலாவது வெளிச்சம் பட்டால் சிவக்கும். இரண்டாவது சிவக்காது. அதோடு கடுக்காயிலிருந்து எல்லாஜிக் அமிலம் பிரிந்து தோலின் மேல் மெல்லிய வெளிர்மஞ்சள் மாவாகப் படியும். காயில் இருக்கும் சர்க்கரை தொட்டியில் புளித்துக் கொஞ்சம் அமிலம் உண்டாக்கி, தோலை உப்பவைக்கும். அதன்பின் புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவி, நிழலில் உலர்த்தி, தேய்த்து நீட்டினால் எலுமிச்சை வெளிறலில் ஒரு தோல் வெளிவரும். அதுதான் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளில் தரம்பிரித்துக் கட்டப்பட்டு லண்டன் ஏலத்துக்குப் போன சரக்கு. ஆட்டுத்தோல் இப்படிப் போனால் அங்கே அதற்கு ‘பெர்ஷியன்’ என்று பெயர் வைத்தார்கள். பாரசீகத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கொட்டையை நீக்குவது பற்றி ஒரு வார்த்தை. வைத்தியரும் அதைக் கூடாது என்று எறிகிறார், தோல்காரரும் எறிகிறார். ஒருவருக்கு அது நஞ்சு, இன்னொருவருக்கு எடை. கொட்டையில் டேனின் மிகக் குறைவு, அதற்குக் காசு கொடுக்கத் தோல்காரர் தயாரில்லை. ஏற்றுமதிச் சந்தையில் பீமிலிப்பட்டணம், ஜபல்பூர், ராஜாபூர், வெங்குர்லா என்று ஊர்ப்பெயரால் கடுக்காய்க்குத் தரம் வைத்திருந்தார்கள். கனமாக, கெட்டியாக, உடைத்தால் உள்ளே பசுமஞ்சளாக இருந்தால் முதல் தரம். இலேசாக, கறுத்து, புழு துளைத்திருந்தால் கடைசி. துவர்ப்பையே கோட்டையாகக் கட்டிய காயையும் துளைக்கும் புழு இருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கிறது.

கடுக்காய் அந்தத் தோலுக்கு முகத்தைத்தான் கொடுத்தது, உடம்பைக் கொடுக்கவில்லை. அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்பலமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டிய புத்தகங்களின் தோல் அட்டைகள் சிவப்புப் பொடியாக உதிர்வதைப் பார்த்த இங்கிலாந்து நூலகர்கள் புகார் செய்ய, லண்டன் கலைக் கழகம் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. ஆவாரம் வகை டேனினில் பதனிட்ட கிழக்கிந்தியத் தோல்கள் புத்தகக் கட்டுக்கு ஆகாது என்று குழு கைவிரித்தது. மேல்புறத்துக் கடுக்காய் நிறத்தைப் பிடித்து வைத்தது, உள்ளே இருந்த ஆவாரத்தின் குணத்தை மாற்ற அதனால் முடியவில்லை. முழுக்கக் கடுக்காய் போன்ற டேனினிலேயே பதனிட்டிருந்தால் அந்தப் புத்தகங்கள் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அப்படிச் செய்த தோல் மெதுவாகத்தான் பதம் ஏறும், விலை கட்டாது. வாங்கியவர்களுக்குக் கடுக்காய் கொடுத்துவிட்டார்கள் என்று சிரிக்கலாம். எனக்கென்னவோ மலிவான சரக்கு கேட்டு நெருக்கியவர்களிடமும் பாதிப் பழி போகவேண்டும் என்று படுகிறது.

புத்தகம் போனாலும் செருப்பு இருந்தது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்குச் சென்னை மாட்டுத்தோல்தான் வேண்டும் என்று ஆனது. 1916 முதல் மாகாணத்தில் பதனிட்ட தோலை அரசே மொத்தமாக எடுத்துக்கொண்டது. பாலாற்றங்கரையில் குழிகள் பெருகின. ஆவாரங்காடுகள் வேகமாகச் சுருங்கின.

மலை மேலே என்ன நடந்தது? 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தபின் காடு அரசுடையது. கடுக்காய், புளி, தேன், சீயக்காய் போன்றவற்றைத் திரட்டும் உரிமை குத்தகைக்கு ஏலம் விடப்பட்டது. ஏலம் எடுத்தவர் கீழ்நாட்டு வியாபாரி. பொறுக்கியவர்கள் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர். (மலையாளி என்றதும் கேரளத்தை நினைப்பவர்களுக்கு: இவர்கள் பேசுவது தமிழ், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்பவர்கள்.) தை தொடங்கிப் பங்குனி வரை, சாமை அறுத்து முடிந்து வேறு வேலை இல்லாத நாட்களில் குடும்பமாகக் காட்டுக்குப் போய்ப் பொறுக்கி, பாறையில் காயவைத்து மூட்டை கட்டுவார்கள். கூலி படிக்கணக்கில். அந்தக் காய் வாணியம்பாடியில் என்ன ஆகிறது, லண்டனில் எந்த நிறத்தில் போய் நிற்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குக் கணக்கில் இல்லை. அவர்களைப் பற்றி எழுதிய அதிகாரிகளுக்கும் இந்த முடிச்சு முக்கியமாகப் படவில்லை. மாவட்டக் கையேடுகளில் மலைவிளைபொருள் ஓர் அத்தியாயம், தோல் தொழில் வேறோர் அத்தியாயம்.

சுதந்திரத்துக்குப் பின் ஏலக்காரர் இடத்தில் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. ஜமுனாமரத்தூரில் அப்படி ஒரு சங்கம் உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவனப்பொருளுக்குக் காட்டில் வாழ்பவர்களே உரிமையாளர் என்று எழுத்தில் சொல்லிவிட்டது. 2013-14-இல் ஒன்றிய அரசு சிறுவனப்பொருளுக்குக் குறைந்தபட்ச ஆதார விலை அறிவித்தபோது முதல் பட்டியலிலேயே கடுக்காய் இருந்தது.

கீழே தொட்டியில் இருந்தவை ஒவ்வொன்றாக மாறின. முதலில் ஆவாரம் போனது. அதன் இடத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது, பிறகு அதே மரத்தை நீலகிரியிலும் பழனிமலையிலும் நட்டார்கள். நட்ட இடத்தில் நிற்காமல் சோலைப் புல்வெளிகளை அது விழுங்கியது தனிக்கதை. வாட்டிலும் சிவக்கும் சாதிதான், ஆகையால் கடுக்காயின் வேலை பிழைத்தது. அதற்கு உண்மையான எதிரி குரோமியம். வாரக்கணக்கு வேலையை ஒரே நாளில் முடிக்கும் உப்பு. சென்னையில் அந்த முறையை 1903 வாக்கில் முயன்று காட்டியவரும் அதே சாட்டர்டன்தான். குரோமியத் தோலில் அவர் முதலில் செய்துபார்த்தவற்றில் கவலை இறைக்கும் சாலும் ஒன்று. 1912-இல் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்க, அந்த இடம் குரோம்பேட்டையாயிற்று. ஆவாரத்துக்கும் கடுக்காய்க்கும் அப்படிப் பேட்டை எதுவும் கிடைக்கவில்லை.

ஆனாலும் பாலாற்றுப் பக்கம் பழைய முறை எழுபதுகள் வரை நிலைத்து நின்றது. தோல் தொழிலை ஆராய்ந்த சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின், 1973 முதல், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. தோலாக அனுப்பாதே, செருப்பாகச் செய்து அனுப்பு என்பது கொள்கை. ஈ.ஐ. தோல் பாதி பதனிட்ட சரக்குதான், லண்டனில் மறுபடி பதனிட்டுச் சாயமேற்றவே அது பிறந்தது. ஆகையால் அடி நேராக அதன் தலையில் விழுந்தது. டேனரிகள் குரோமியத்துக்கு மாறின. ஆம்பூர் ஷூ உலகம் சுற்றியது. பாலாறு என்ன ஆனது என்பதை 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், எழுதி வைத்திருக்கிறது: தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனது. பழைய முறை தூய்மையானது என்று நான் சொல்லவரவில்லை. சுண்ணாம்பும் உப்பும் மயிரும் அப்போதும் ஆற்றில்தான் கலந்தன. அளவு வேறு, வேகம் வேறு.

ஈ.ஐ. தோல் இப்போது புவிசார் குறியீடு பெற்ற பொருள். திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் சில கூடங்களில் பட்டையும் கடுக்காயும் இன்னும் ஊறுகின்றன. குரோமியம் ஒவ்வாதவர்களுக்கும், பழைய மணமும் நிறமும் வேண்டுபவர்களுக்கும் பைகளாக, இடுப்பு வாராக, செருப்பின் உள்தோலாக அது போகிறது. ஜவ்வாது மலைக் கடுக்காய்க்கு முதன்மை வாடிக்கையாளர் மறுபடியும் மருந்துக்காரராகிவிட்டார். பங்குனியில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மூட்டையை அவிழ்த்துத் தரம்பிரிக்கும்போது கையாளும் முறை மட்டும் மாறவில்லை. ஒரு காயை எடுத்துக் கையில் எடை பார்க்கிறார்கள், புழுத்துளை இருக்கிறதா என்று திருப்புகிறார்கள், சந்தேகமாக இருந்தால் கல்லில் வைத்து உடைத்து உள்நிறத்தைப் பார்க்கிறார்கள்.